பதினாறரை கன மீட்டர்

எங்கள் தெருவில் என் வீட்டுக்காரருக்கு லிட்டர் என்று பெயர். அவருடைய அண்ணனுக்கு வாளி என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர்கள் வேறு இருக்கின்றன, ஆனால் தபால்காரரே இப்போது அவற்றை மறந்துவிட்டார். யாரிடம் வழி கேட்டாலும், "லிட்டர் வீடா, வாளி வீடா?" என்றுதான் திருப்பிக் கேட்பார்கள். ஒரே சந்தின் கடைசியில் இரண்டு வீடும் எதிரெதிரே இருக்கின்றன. அண்ணனும் தம்பியும் பேசிக்கொண்டு ஆறு வருஷம் ஆகியிருந்தது.

சண்டை எதற்கு என்று சொன்னால் சிரிப்பீர்கள். சிரியுங்கள். நானும் சிரித்திருக்கிறேன், மற்ற நேரங்களில் தலையில் அடித்துக்கொண்டிருக்கிறேன். இரண்டு வீட்டுக்கும் பொதுவாக ஒரு தண்ணீர்த் தொட்டி. என் வீட்டுக்காரருக்குக் குளிர்பானக் கம்பெனியில் பாட்டில் அளவு சரிபார்க்கும் வேலை. ஒரு பாட்டிலில் ஐந்து மில்லி குறைந்தாலும் மனிதருக்கு அன்றைக்குச் சோறு இறங்காது. அவர் அண்ணன் வீடுகளுக்குப் பெயின்ட் அடிக்கிற காண்ட்ராக்டர். அவரை வீட்டுக்குள் நான் பெரியவர் என்பேன், நேரில் மாமா. அவருக்குச் சுவர் என்றாலும் இத்தனை வாளி, மழை என்றாலும் இத்தனை வாளி.

ஒரு கோடையில் தண்ணீர் குறைந்தபோது யார் அதிகம் எடுக்கிறார்கள் என்று பேச்சு வந்தது. "நாங்க இருபது வாளிதான் எடுக்கறோம். வாளிக்குப் பன்னெண்டு லிட்டர்," என்றார் பெரியவர். இவர் சும்மா இருந்தாரா? வீட்டுக்கு விருந்தாளிகள் வந்திருந்த நேரமாகப் பார்த்து, அண்ணனின் வாளியை எல்லோர் நடுவிலும் வைத்து, ஒரு லிட்டர் பாட்டிலால் ஊற்றி ஊற்றி அளந்தார். விளிம்பு வரைக்கும் பதினைந்து லிட்டர் பிடித்தது.

"பதினஞ்சு," என்றார் இவர், பரிசு வாங்கினவர் போல.

"தளும்பத் தளும்ப எவன்டா தூக்கிட்டு நடப்பான்?" என்றார் அவர்.

அதுதான் கடைசிப் பேச்சு. வாளியின் மேல்பக்கத்து மூன்று லிட்டருக்காக, மீசை நரைத்த இரண்டு பேர் உறவை முறித்துக்கொண்டார்கள். யாரிடம் போய்ச் சொல்வது இதை?

அவர்கள் பேசாமல் இருந்ததால் நாசமாய்ப் போனது அந்தச் சந்துதான். தெருவிலிருந்து எங்கள் வாசல் வரைக்கும் ஐம்பது மீட்டர் மண் பாதை. இரண்டு வீட்டுக்கும் பொதுச் சொத்து என்பதால், ஒருவர் சம்மதமில்லாமல் மற்றவர் ஒரு செங்கல்கூட வைக்க முடியாது. சம்மதம் கேட்க வாயைத் திறக்க வேண்டும். இரண்டு வாயும் திறக்கவில்லை. மழை பெய்தால் சேறு, பெய்யாவிட்டால் புழுதி. போன மழையில் பெரியவரின் மனைவி அதில் இரண்டு முறை வழுக்கி விழுந்தார். இரண்டாவது முறை முட்டி வீங்கி மூன்று வாரம் படுக்கை.

அவர் எனக்கு ஓரகத்தி. நான் அக்கா என்பேன். இந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து எனக்கு எல்லாம் அவர்தான். என் இரண்டு பிரசவத்துக்கும் கூட இருந்தவர். தையல் மிஷின் வாங்கித் திரைச்சீலையும் பள்ளிச் சீருடையும் தைத்துப் பிழைக்கலாம் என்று எனக்குத் தைரியம் சொன்னவர். ஆண்கள் பேசாவிட்டால் நாங்கள் ஏன் பேசாமல் இருக்க வேண்டும்? கொடியில் ஒரு போர்வையை விரித்துப் போட்டு, அதற்கு அந்தப் பக்கம் அவரும் இந்தப் பக்கம் நானும் நின்று பேசுவோம். ஆறு வருஷத்தில் அந்தப் போர்வையைத் துவைத்ததைவிடக் காயப்போட்டதுதான் அதிகம்.

முட்டி வீங்கியதற்குப் பிறகு பெரியவர் ஒரு முடிவுக்கு வந்தார். தன் வீட்டின் முன்னால் 'விற்பனைக்கு' என்று ஆறடிப் பலகையில் தானே அழகாக எழுதி நட்டுவிட்டார். வாங்குகிறவர் ஒருவர் கிடைத்து, சனிக்கிழமை மாலை ஐந்து மணிக்கு முன்பணத்தோடு வருவதாக ஏற்பாடு. அக்கா போர்வைக்கு அந்தப் பக்கமிருந்து இதைச் சொன்னபோது கையிலிருந்த துணியைக் கொடியிலேயே விட்டுவிட்டேன். வீட்டுக்குள் வந்து இவரிடம், "போய் ஒரு வார்த்தை பேசுங்க, அவங்க போயிடுவாங்க," என்று கெஞ்சினேன்.

"போறவங்க போகட்டும்," என்றார், முகத்தைச் செய்தித்தாளுக்குள் வைத்துக்கொண்டு. தாள் தலைகீழாக இருந்தது. நான் அதைச் சொல்லவில்லை.

மறுநாள் அவர் கண்டுபிடித்த கவலை வேறு. வரப்போகிறவன் எப்படிப்பட்டவனோ, அவனோடு தொட்டியைப் பங்கு போட முடியாது, நமக்கென்று தனித் தொட்டி வேண்டும், அதை வைக்க ஒரு கான்கிரீட் மேடை வேண்டும். பக்கவாட்டில் ஒன்பது அடிக்குப் பன்னிரண்டு அடி, அரை அடி உயரம். மேஸ்திரியைக் கூப்பிட்டுப் பலகை அடித்தாயிற்று. கலவையைக் கையால் கலக்கினால் அளவு சரியாக இருக்காதாம். ரெடிமிக்ஸ் கம்பெனியிலிருந்து கலந்தே லாரியில் வரவழைப்பாராம்.

"எவ்வளவு வேணும்னு நான் பாத்துச் சொல்றேன் சார்," என்றார் மேஸ்திரி.

"அளவை எனக்கா சொல்லித் தரீங்க?" என்று இவர் பேனாவை எடுத்தார்.

ஒன்பது பன்னிரண்டு நூற்றெட்டு, அதில் பாதி ஐம்பத்து நான்கு கன அடி. கம்பெனிக்காரர்கள் கன மீட்டரில்தான் கேட்பார்கள். ஒரு மீட்டருக்கு மூன்றே கால் அடி சொச்சம், துல்லியமாக 3.28. இவர் துல்லியமாகவே வகுத்தார். 16.46 வந்தது. "பதினாறரைன்னு வெச்சுக்கலாம், கொஞ்சம் சிந்தும்," என்று அடிக்கோடு போட்டார். எனக்கு மீட்டர் என்றால் துணியில்தான் தெரியும். சரி என்று தலையாட்டினேன்.

வியாழக்கிழமை காலையில் கம்பெனிக்குப் போன் போட்டார். கணக்குத் தாளைக் கையில் பிடிக்க வேண்டியிருந்ததால் ஸ்பீக்கரில் போட்டார். எங்கள் ஊர் வட்டாரத்திலேயே இருப்பது ஒரே ஒரு கான்கிரீட் கம்பெனி. அங்கே ஆர்டர் எடுக்கிற வேலை யாருக்கு? அக்காவுக்கு. அது இவருக்கும் தெரியும், ஆனால் நாலு பேர் வேலை பார்க்கிற இடத்தில் வேறு யாராவது எடுப்பார்கள் என்று நினைத்துவிட்டார்.

"வணக்கம், ஆர்டர் பிரிவு," என்றது அக்காவின் குரல்.

இவர் தொண்டையைச் செருமினார். வைக்கவும் முடியாது, பேசவும் கூடாது. "ஆர்டர் கொடுக்கணும் மேடம்," என்றார், தன்னை வளர்த்த அண்ணியிடம்.

"சொல்லுங்க சார். எவ்வளவு?"

"பதினாறரை கன மீட்டர்."

அந்தப் பக்கம் பேனாவைக் கீழே வைக்கிற சத்தம் கேட்டது.

"எந்த வேலைக்கு சார்?"

"தொட்டி மேடை. ஒன்பதுக்குப் பன்னெண்டு அடி. அரை அடி உயரம்."

"சார், எதுக்கும் கணக்கை ஒரு தடவை சரி பாத்துக்கறீங்களா?"

"அளவு விஷயத்துல நான் இருபது வருஷ சர்வீஸ் மேடம். யாரும் எனக்குச் சொல்ல வேண்டாம்."

கால்குலேட்டரை யாரோ தட்டுகிற சத்தம் மட்டும் கேட்டது. கொஞ்சம் தட்டி, நிறுத்தி, மறுபடியும் தட்டி.

"சரிங்க சார். பதினாறரை. சனிக்கிழமை காலைல ஏழு மணி," என்றார் அக்கா. "விலாசம் எனக்குத் தெரியும்."

அன்று மாலை போர்வைக்கு அந்தப் பக்கமிருந்து அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான். "சனிக்கிழமை மழை வராதுல்ல?" விட்டுவிட்டுப் போகிறவருக்கு மழை வந்தால் என்ன, வெயில் வந்தால் என்ன என்று எனக்குக் கோபம்தான் வந்தது.

சனிக்கிழமை சரியாக ஏழு மணிக்கு லாரி சந்துக்குள் பின்பக்கமாக ஊர்ந்து வந்தது. இவர் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு மேற்பார்வைக்கு நின்றார். எதிர் வீட்டுப் படியில் பெரியவர் டீயோடு உட்கார்ந்து, லாரியைப் பார்க்காத மாதிரி பார்த்துக்கொண்டிருந்தார். அக்காவுக்கு அன்று விடுமுறை. அவர் ஜன்னலில் நின்றார்.

லாரியின் பின்பக்கத்துச் சரிவுத் தகடு வழியாகக் கான்கிரீட் இறங்கியது. பத்து நிமிஷத்தில் மேடை நிரம்பிவிட்டது. மேஸ்திரி கையைக் காட்டி நிறுத்தச் சொன்னார். லாரியின் உருளை நிற்காமல் சுற்றிக்கொண்டே இருந்தது.

"மிச்சத்தை எங்க கொட்டணும்?" என்றார் டிரைவர்.

"எந்த மிச்சம்?" என்றார் இவர்.

"ஒன்னரைதான் இறங்கியிருக்கு. இந்த வண்டியில இன்னும் நாலரை இருக்கு. பின்னாடி ரெண்டு வண்டி வருது."

இவர் சட்டைப் பையிலிருந்து தாளை எடுத்தார். மேலே பார்த்தார், கீழே பார்த்தார், திருப்பிப் பார்த்தார். மேஸ்திரி எட்டிப் பார்த்துவிட்டு, செத்த வீட்டில் பேசுகிற குரலில் கேட்டார்.

"சார், ஐம்பத்து நாலை மூணே காலால ஒரு தடவைதான் வகுத்தீங்களா?"

"ஆமா. ஒரு மீட்டருக்கு அவ்வளவுதானே அடி."

"அது கயிறு அளக்கறதுக்கு சார். இது நீளம், அகலம், உயரம் மூணும் இருக்கற சாமான். மூணுக்கும் மூணு தடவை வகுக்கணும். நீங்க நீளத்தோட நிறுத்திட்டீங்க."

இவர் மனதுக்குள் இன்னும் இரண்டு முறை வகுத்ததை நான் கண்ணால் பார்த்தேன். முதல் வகுத்தலில் முகம் வெளுத்தது, இரண்டாவதில் காது சிவந்தது. ஒன்றரை. வேண்டியது ஒன்றரை, வந்திருப்பது பதினாறரை.

"திருப்பி எடுத்துட்டுப் போங்க," என்றார், கிணற்றுக்குள்ளிருந்து பேசுகிற மாதிரி.

"முடியாதுங்க. ரெண்டு மணி நேரத்துல உருளைக்குள்ளயே கல்லாயிடும். எங்கயாவது கொட்டியாகணும். சீக்கிரம் சொல்லுங்க, தெருவுல ரெண்டு வண்டி நிக்குது."

கொட்டுவதற்கு இடமா இல்லை? ஐம்பது மீட்டர் சேறு எங்கள் எல்லோர் காலடியிலும் கிடந்தது. மேஸ்திரிக்குத் தெரிந்தது, டிரைவருக்குத் தெரிந்தது, ஜன்னலில் நின்ற அக்காவுக்குத் தெரிந்தது. அதற்கு ஒரு மனிதரின் சம்மதம் வேண்டும். அந்த மனிதர் பத்தடி தூரத்தில் டீயை ஊதிக்கொண்டிருந்தார்.

"போய்க் கேளுங்க," என்றேன் நான்.

"எப்படிடி?" என்றார் மெதுவாக.

"வாயாலதான். இல்ல, உங்க கான்கிரீட்டை என் தையல் ரூமுக்குள்ள கொட்டுங்க. எனக்கும் நிம்மதி." எனக்கு அன்று வந்த ஆத்திரத்தில் கத்தரிக்கோல் கையில் இல்லாதது அவர் நல்ல காலம்.

அவர் நான்கு அடி நடந்து, சந்தின் நடுவில் நின்று, டிரைவரைப் பார்த்துப் பேசினார். "டிரைவர், சந்துல கொட்டிக்கலாமான்னு எதிர் வீட்டுக்காரரைக் கேளுங்க."

டிரைவர் இவரைப் பார்த்தார், அவரைப் பார்த்தார். "அவருக்கே கேட்டிருக்குமேங்க."

"நீங்க கேளுங்க."

"ஐயா, சந்துல கொட்டிக்கலாமான்னு கேக்கறாரு."

பெரியவர் டீயைக் கீழே வைத்தார். "எவ்வளவு மிச்சமாம்?"

"எவ்வளவு மிச்சம்னு கேக்கறாருங்க."

"பதினஞ்சு கன மீட்டர்னு சொல்லுங்க."

"பதினஞ்சு கன மீட்டராம்."

"அதெல்லாம் எனக்குப் புரியாதுன்னு சொல்லுங்க."

டிரைவர் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு பல்லைக் கடித்தார். இவர் தலையைக் குனிந்துகொண்டார். "பதினஞ்சாயிரம் லிட்டர்," என்றார். இந்த முறை டிரைவரைப் பார்த்துச் சொல்லவில்லை. தன் செருப்பைப் பார்த்துச் சொன்னார்.

பெரியவர் கண்ணை மேலே செருகி, உதட்டை அசைத்து, விரல்களை மடக்கினார். எந்தச் சுவரைப் பார்த்தாலும் அப்படித்தான் கணக்குப் போடுவார்.

"ஆயிரம் வாளி," என்றார்.

எனக்கு முதலில் ஒன்றும் உறைக்கவில்லை. இவருக்கு உடனே உறைத்துவிட்டது. தலையைச் சட்டென்று நிமிர்த்தினார். பதினைந்தாயிரம் லிட்டர், ஆயிரம் வாளி. அப்படியென்றால் வாளிக்குப் பதினைந்து. ஆறு வருஷமாகப் பன்னிரண்டு, பன்னிரண்டு என்று பிடித்த பிடியை விடாத மனிதர், தன் வாயால், தன் வீட்டுப் படியில் உட்கார்ந்து, பதினைந்து என்று ஒத்துக்கொள்கிறார்.

ஜெயித்தாயிற்று. அவ்வளவு பேர் முன்னால் ஜெயித்தாயிற்று. இனி இந்த மனிதர் சும்மா இருக்க மாட்டார், வாயை வைத்துக்கொண்டு எதையாவது சொல்லிக் கெடுக்கப் போகிறார் என்று நினைத்தேன்.

"ஆயிரம் இல்ல அண்ணே," என்றார். "ஆயிரத்து இருநூத்தம்பது. தளும்பாமத் தூக்கணும்ல."

நான் கதவுக்குப் பின்னால் போய்விட்டேன். சொல்வதற்கு வெட்கமென்ன, அழுதேன். வாளிக்குப் பன்னிரண்டு என்று போட்டால்தான் ஆயிரத்து இருநூற்றைம்பது வரும்.

"ஆயிரமா, ஆயிரத்து இருநூத்தம்பதா, ஏதாவது ஒண்ணு சொல்லுங்கய்யா," என்றார் டிரைவர். "எனக்கு உருளை இறுகுது."

பெரியவர் எழுந்தார். பேன்ட்டை முட்டி வரைக்கும் சுருட்டினார். "என்னடா மரம் மாதிரி நிக்கற? மட்டப் பலகையைப் புடி. மேஸ்திரி, நாலு இன்ச் உயரம், உள்ளேருந்து வெளிய போட்டுட்டே போவோம்," என்று சேற்றில் இறங்கினார். அதற்குப் பிறகு அந்தச் சந்தில் கேட்ட சத்தத்தில் ஆறு வருஷ பாக்கி தீர்ந்தது. இவர் சரிவு போதாது என்பார், அவர் போதும் என்பார், மேஸ்திரி இரண்டு பேரையும் ஓரமாக நிற்கச் சொல்வார். சலவைச் சட்டை என்ன கதியானது என்று கேட்காதீர்கள். செலவைப் பற்றியும் கேட்காதீர்கள், பிறகு அண்ணனும் தம்பியும் பாதிப் பாதி போட்டுக்கொண்டார்கள்.

முதல் லாரி, இரண்டாவது லாரி, மூன்றாவது லாரி. தெருமுனைக்கு வந்தபோது கலவை ரோட்டுக்கு வழியாமல் தடுக்க ஒரு நீளப் பலகை தேவைப்பட்டது. பெரியவர் சுற்றுமுற்றும் பார்த்தார். பிறகு அக்காவை நோக்கிக் குரல் கொடுத்தார். அக்கா முட்டி வலியைப் பார்க்காமல், நட்டிருந்த ஆறடிப் பலகையைப் பிடுங்கி மதில் மேலாக நகர்த்திக் கொடுத்தார். அது பாதி அகலத்துக்குப் போதுமாக இருந்தது. மீதிக்கு எங்கள் வீட்டு உடைந்த கட்டில் சட்டம்.

வேலை முடிந்த பிறகுதான் தெரிந்தது, எல்லோரும் வெளியே தெருவில் நிற்கிறார்கள், வீடு இரண்டும் ஈரக் கான்கிரீட்டுக்கு அந்தப் பக்கம் இருக்கிறது. உள்ளே நானும் அக்காவும் மட்டும். வெளியே அண்ணன், தம்பி, இரண்டு பேர் பசி.

ஐந்து மணிக்கு வீடு வாங்குகிறவர் காரில் வந்து இறங்கினார். பளபளக்கிற சந்தைப் பார்த்துத் திகைத்துப் போனார். நாங்கள் மாடியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தோம்.

"உள்ள எப்படிப் போறது?"

"போக முடியாதுங்களே," என்றார் பெரியவர்.

"வேற வழி இல்லீங்களா?"

"இல்லீங்க," என்றார், பதினோரு ஏணி வைத்திருக்கிற பெயின்டர்.

"இது எப்பங்க காயும்?"

பெரியவர் தம்பியைப் பார்த்தார். அளவு விஷயத்தில் இருபது வருஷ சர்வீஸ் போட்டவர் சற்றும் யோசிக்காமல் சொன்னார். "இருபத்தெட்டு நாள்."

இரண்டு நாளில் நடக்கலாம் என்று அறிந்த மேஸ்திரிக்கு அந்த நேரம் பார்த்துத் தும்மல் வந்தது. கார் திரும்பிப் போயிற்று. அண்ணனும் தம்பியும் பின்பக்க மதிலில் ஏணி சாத்தி வீட்டுக்கு வந்தார்கள்.

அவர்கள் வருவதற்குள் நான் அக்காவைப் பிடித்துக்கொண்டேன். போர்வை இல்லாமல் நேருக்கு நேர் நின்று பேசி எவ்வளவு நாளாயிற்று. "உண்மையைச் சொல்லுங்கக்கா. அவர் கணக்கு தப்புன்னு உங்களுக்கு அப்பவே தெரியும்."

"தெரியும். ஒன்னரைதான் வேணும்னு சொல்ல வாயைத் திறந்தேன். அவரு யாரும் சொல்ல வேண்டாம்னு சொல்லிட்டாரு." கொஞ்சம் சிரித்தார். "அப்புறம் பதினாறரைல ஒன்னரை போனா எவ்வளவுன்னு தட்டிப் பாத்தேன். பதினஞ்சு."

"பதினஞ்சுன்னா?"

"சந்து ஐம்பது மீட்டர் நீளம். மூணு மீட்டர் அகலம். நாலு இன்ச் உயரம்." அவர் ஈரமாக இருந்த சந்தைப் பார்த்தார், என்னைப் பார்க்கவில்லை. "தெனம் ஊர்ல இருக்கறவங்க சந்துக்கெல்லாம் ஆர்டர் எழுதறேன்டி. எழுதி முடிச்சதும் நம்ம சந்துக்கு ஒரு தடவை போட்டுப் பாப்பேன். ஆறு வருஷமா தெனமும் பதினஞ்சுதான் வருது. உன்னை விட்டுட்டு நான் எங்க போவேன்?"

தனித் தொட்டி வாங்கவில்லை. மேடையில் இப்போது மாலை வேளைகளில் அண்ணனும் தம்பியும் உட்கார்ந்து, பொதுத் தொட்டியில் எத்தனை வாளி, எத்தனை லிட்டர் என்று சண்டை போடுகிறார்கள். 'விற்பனைக்கு' பலகை தெருமுனையில் கான்கிரீட்டோடு கெட்டியாக ஒட்டிக்கொண்டுவிட்டது. எழுத்து உள்பக்கம்.

நான்கு மாதம் ஆகிறது. வீடு வாங்க வந்தவர் இன்னும் அவ்வப்போது போன் பண்ணிக் கேட்கிறார். காயவில்லை என்றே சொல்லிக்கொண்டிருக்கிறோம்.